சைரனுக்குள்ளும் ஒரு பெட்டரி இருக்கிறது

போன ஒக்டோபரில் ஒரு நாள், ஹட்டன் டவுனுக்கு மேலே குடியிருக்கும் ஒரு டீச்சர் என் கடைக்கு வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை. "தம்பி, அந்தச் சைரனைக் கழட்டிருங்க. எனக்கு வேணாம்" என்றார்.

கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் அது தானாகவே கத்துகிறதாம். கள்ளனும் வரவில்லை, பூனையும் நுழையவில்லை. இரவு இரண்டு மணிக்கு இடி மழையில் கரண்ட் போனால் அந்த ரோட்டே விழித்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசி இரண்டு கிழமை ஆகிவிட்டது. சைரன் பழுதாகிவிட்டது என்பது டீச்சரின் முடிவு.

போய்ப் பார்த்தேன். சைரனில் ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டு அலாரத்தில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்ததே அது ஒன்றுதான். செத்துக் கிடந்தது வேறொன்று.

வீட்டு அலாரம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதற்குள் ஒரு பெட்டரி இருப்பதாகத்தான் நினைக்கிறார்கள். வயரிங் செய்த அலாரம் என்றால் அநேகமாக இரண்டு இருக்கும். ஒன்று வீட்டுக்குள், அலாரத்துக்கு மூளை மாதிரியான பெனல் பெட்டியின் அடியில் உட்கார்ந்திருக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி (எவ்வளவு கரண்டைத் தேக்கி வைக்கும் என்ற அளவு), சின்னச் செங்கல் அளவு, இரண்டு கிலோவுக்கு மேல் கனம். கொம்பியூட்டர் யுபிஎஸ்ஸுக்குள் இருப்பதும் இதே சாதிதான். மற்றது வெளிச்சுவரில், கூரைக்குக் கீழே மாட்டியிருக்கும் சைரன் பெட்டிக்குள் இருக்கும். 12 வோல்ட் 1.2 ஆம்பியர் மணி, ஒரு சலவைச் சவர்க்காரக் கட்டி அளவு. சில சைரன்களில் இதற்குப் பதிலாக ஆறு செல் கோத்த 7.2 வோல்ட் நிக்கல் பெக் ஒன்று இருக்கும்.

சைரனுக்கு எதற்குத் தனியாக ஒரு பெட்டரி? விவரம் தெரிந்த கள்ளன் முதலில் கை வைப்பது சைரன் வயரில்தான். வயரை வெட்டினால் சத்தம் நின்றுவிடும் என்றால் அலாரம் வைத்தே பிரயோசனமில்லை. அதனால் சைரனை வேறு மாதிரிச் செய்தார்கள். பெனலிலிருந்து வயர் வழியே 12 வோல்ட் வந்துகொண்டே இருக்கும்வரை சைரன் வாயைத் திறக்காது. அந்த வோல்ட் அறுந்த நிமிஷம், தன் வயிற்றுக்குள் இருக்கும் பெட்டரியில் கத்தத் தொடங்கும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அம்மா கையைப் பிடித்திருக்கும்வரை சும்மா வரும் பிள்ளை, பிடி விட்டதும் அலறுகிறதே, அதே கதைதான். சைரன் பெட்டரியைச் சார்ஜ் ஏற்றுவதும் அந்தப் பிடிதான், அதாவது பெனலிலிருந்து வரும் அதே வயர்.

இப்போது டீச்சர் வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே பெனல் பெட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் இருக்கும்போது பெனல் கரண்டில் ஓடுகிறது, ஒன்றும் தெரியவில்லை. கரண்ட் போனதும் பெனலுக்கு உயிர் இல்லை. சைரனுக்குப் போகிற 12 வோல்டும் நின்றுவிடுகிறது. சைரனைப் பொறுத்தவரை யாரோ வயரை வெட்டிவிட்டான். அது தன் கடமையைச் செய்கிறது. பாவம், அதைத்தான் கழட்டச் சொன்னார்கள்.

ஆக, ஒரு கரண்ட் கட்டிலேயே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். கரண்ட் போன பிறகும், கோட் அடிக்கிற கீபேடின் விளக்கு எரிந்துகொண்டு, சைரன் அமைதியாக இருந்தால் பெனல் பெட்டரிக்கு ஓரளவு உயிர் இருக்கிறது. சைரன் பெட்டரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கீபேட் அணைந்து சைரன் கத்தினால் பெனல் பெட்டரி போய்விட்டது, சைரன் பெட்டரி நலம். கீபேடும் இருட்டு, சைரனும் மௌனம் என்றால் இரண்டுமே செத்துவிட்டன, அல்லது சைரனுக்குள் பெட்டரியே கிடையாது. மூன்றில் மோசமானது இந்தக் கடைசி நிலைதான். ஆனால் அதற்காக யாரும் கடைக்கு வருவதில்லை. கத்தினால் பக்கத்து வீட்டார் சொல்லுவார்கள். கத்தாததை யார் சொல்வது?

என் வீட்டிலேயே அந்த மூன்றாவது நிலைதான் இருந்தது. ஊருக்கெல்லாம் பெட்டரி மாற்றிக் கொடுக்கிறவன் தன் வீட்டுப் பிரேக்கரை ஒரு தடவை இறக்கிப் பார்க்க ஐந்து வருஷம் எடுத்தான். இறக்கியதும் எல்லாம் இருண்டுபோய், மழைச் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். அதுவே போதுமாக இருந்தது.

உங்கள் சைரனில் பெட்டரி இருக்கிறதா இல்லையா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளங்கையளவு கொம்பு மாதிரி, சிவப்பும் கறுப்புமாக இரண்டே வயர் வருகிற மலிவுச் சைரன் என்றால் அதற்குள் ஒன்றும் கிடையாது. வயரை வெட்டினால் அது முடிந்தது. மூடி போட்ட பெட்டி மாதிரிப் பெரிதாக, நாலு வயர் அல்லது அதற்கு மேல் போகிறது என்றால் அநேகமாக உள்ளே பெட்டரி உண்டு. வயரே இல்லாத புது ரகச் சைரன்களில் சார்ஜ் ஏறாத லித்தியம் செல்கள் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே சொல்லும் கணக்குப் பொருந்தாது. அதன் ஃபோன் அப் காட்டும் அளவைப் பார்த்து, மூடியில் எழுதிய அதே செல்லையே மாற்ற வேண்டும்.

சரி, பெட்டரியைப் பார்ப்போம். ஆளுக்கு ஆள் ஏமாறுகிற இடம் இது.

மல்டி மீட்டர் வைத்திருப்பவர்கள் பெனலைத் திறந்து பெட்டரியின் இரண்டு முனையிலும் கம்பியை வைக்கிறார்கள். 13.6 காட்டுகிறது. "ஆகா, 12 வோல்ட் பெட்டரி 13.6 நிற்குது, அருமை" என்று மூடிவிடுகிறார்கள். அது பெட்டரியின் வோல்ட் இல்லை, சார்ஜரின் வோல்ட். நல்ல சார்ஜர் 13.5 முதல் 13.8 வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். செத்த பெட்டரியை மாட்டினாலும் பல வேளை அதே எண்தான் தெரியும். சார்ஜர் உயிரோடு இருக்கிறது என்பதைத் தவிர அந்த எண்ணிலிருந்து வேறொன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் பெட்டரியைக் கழட்டி, இரண்டொரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளப்பார்கள். முழுச் சார்ஜில் 12.8க்குக் கிட்ட நிற்கும், பாதியில் 12.2, 11.8 என்றால் காலி. இது முந்தியதைவிட நல்ல சோதனை. ஆனாலும் போதாது. டீச்சர் வீட்டுப் பெட்டரியைக் கழட்டி வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்த பிறகு அளந்தேன். 12.5 காட்டியது.

"பன்னிரண்டரை காட்டுதே தம்பி, அப்புறம் எப்பிடிச் செத்துப்போச்சின்னு சொல்றீங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சயன்ஸ் டீச்சர் வேறு. அதனால் அவர் வீட்டுக் கொல்லையையே காட்டிப் பதில் சொன்னேன். அவருக்கு மேலே மலை ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் பைப்பில் தண்ணீர் வருகிறது. மேலே தொட்டி நிறைந்திருக்கிறது. பைப் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தால் முட்டிக்கொண்டு நிற்கும், நல்ல வேகம். ஆனால் பைப்புக்குள் சேறும் வேரும் அடைத்திருந்தால் விரலை எடுத்ததும் என்ன வரும்? ஒழுகும். வாளி நிறைய அரை நாள். தண்ணீர் பாயாமல் நிற்கும்போது பைப்பின் அடைப்புத் தெரியவே தெரியாது. பாயவிட்டால்தான் தெரியும்.

பெட்டரியும் அப்படித்தான். வோல்ட் என்பது தொட்டியின் உயரம். பெட்டரி பழசாக ஆக, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, அமிலத்திலிருந்து நீர் குறைந்து, கரண்ட் பாய்கிற வழி அடைபடுகிறது. மின் தொழிலில் இதை உள்தடை என்பார்கள். மீட்டர் ஒரு சொட்டுக் கரண்டுக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். அதற்கு அடைப்புத் தெரியாது. சைரன் உறிஞ்சும்போதுதான் தெரியும்.

அதனால் என் கடையில் ஒரு பிரேக் பல்ப் வைத்திருக்கிறேன். 12 வோல்ட், 21 வோட், வாகனங்களின் பின்னால் எரிகிறதே அதுதான். ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். 7 ஆம்பியர் மணிப் பெட்டரியில் அதைக் கொளுத்தி, எரியும்போதே மீட்டரைப் பார்ப்பேன். முழுச் சார்ஜில் இருக்கும் நல்ல பெட்டரி 15 நிமிடம் எரிந்த பிறகும் 12க்குக் கீழே வராது. டீச்சருடையது பல்பைத் தொட்டதும் 10.9. அவர் கண்ணாடியை மூக்குக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பதற்குள் 9.6. பல்ப் மஞ்சளாகி, சிவப்பாகி, கம்பி மட்டும் தணல் மாதிரித் தெரிந்தது. பல்பை எடுத்தேன். ஒரு நிமிஷத்தில் மீட்டர் மறுபடியும் 12.3க்கு ஏறி, ஒன்றுமே நடக்காதது போல நின்றது. 12 வோல்ட் ஈயப் பெட்டரியில் சுமை இருக்கும்போது 10.5க்குக் கீழே போனால் அது காலியாகிவிட்டது என்று அர்த்தம். தொட்டவுடனேயே அங்கே போகிற பெட்டரியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. சைரனுக்குள் இருக்கும் சின்னப் பெட்டரிக்கு 21 வோட் பல்ப் அதிகம், 5 வோட் போதும்.

பல்ப் இல்லாதவர்கள் வீட்டில் செய்யக்கூடியது இதுதான். பெனலின் சுமையையும் சைரனின் சுமையையுமே பல்பாக வைத்துக்கொள்ள வேண்டும். மழையில்லாத ஒரு பகல் நேரமாகப் பார்த்து, முதலில் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிடுங்கள். அலாரம் ஏதாவது கண்காணிப்பு நிலையத்தோடு தொடுத்திருந்தால் அங்கேயும் சொல்ல வேண்டும். பிறகு பெனலுக்குப் போகும் பிரேக்கரை இறக்கிவிட்டு அரை மணி, ஒரு மணி நேரம் விடுங்கள். கீபேட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அப்புறம் அலாரத்தைப் போட்டு, கதவைத் திறந்து, வேண்டுமென்றே கத்தவிடுங்கள். நல்ல பெட்டரியில் சத்தம் ஒரே சுருதியில் நிற்கும். கெட்டதில் முதல் பத்து விநாடி கணீரென்று இருந்து, பிறகு தொண்டை கட்டிய மாதிரி இறங்கும், அல்லது சைரன் கத்தியதும் கீபேட் அணையும். இந்தச் சோதனைக்கு மீட்டரே வேண்டாம், காது போதும். ஆனால் இது பெனல் பெட்டரிக்கான சோதனை. சைரன் பெட்டரி இதில் மாட்டிக்கொள்ளாது, ஏனென்றால் பெனல் அதற்கு இன்னும் வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சைரன் பெட்டரியைப் பார்க்க, மேலே சொன்ன பிடியை விடுவிக்க வேண்டும். பிரேக்கர் இறங்கியிருக்கும்போதே பெனல் பெட்டரியின் சிவப்பு வயரையும் உருவிவிட்டால், டீச்சர் வீட்டில் தானாக நடந்ததை நாமே நடத்துகிறோம். சைரன் உடனே தன் சொந்தப் பலத்தில் கத்த வேண்டும். ஒரு நிமிடம் கத்தட்டும். சத்தம் தளர்கிறதா என்று கேளுங்கள். கத்தவே இல்லை என்றால் உள்ளே பெட்டரி இல்லை, அல்லது செத்துவிட்டது. அப்புறம் சிவப்பு வயரை மாட்டி, பிரேக்கரைத் தூக்கினால் சைரன் அடங்கும். சிலதுக்குக் கீபேடில் கோட் அடிக்க வேண்டியிருக்கும். பெனல் பெட்டிக்குள் ஒரு மூலையில் 230 வோல்ட் வருகிறது. பிரேக்கரை இறக்காமல் அதற்குள் விரலை விடாதீர்கள். மூடி திறந்தால் கத்துவதற்கென்றே உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பூட்டியவர் கொடுத்த சர்விஸ் கோட் தெரியாவிட்டால் அவரையே கூப்பிடுவது நல்லது.

ஏணி வைத்துச் சைரனைத் திறக்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். காதை நன்றாக அடைத்துக்கொள்ளுங்கள், ஒரு முழத் தூரத்தில் 110 டெசிபல் கத்தினால் காது மட்டுமல்ல, காலும் ஏணியில் நிற்காது. இரண்டாவது, குளவி. தேயிலை மலையில் வேலை செய்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வெயில் படுகிற சுவரில், உள்ளே வெதுவெதுப்பாக, கீழே ஒரு துளையும் இருக்கிற பெட்டியைக் குளவிக்கென்றே கட்டிக்கொடுத்தது போல இருக்கிறது சைரன். கொட்டகலைப் பக்கம் ஒரு வீட்டில் நான் திருகாணியைத் தொட்டதும் உள்ளே ஒரு முனகல் கேட்டது. ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று நினைத்துக் காதைக் கொண்டுபோய் வைத்தேன். எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்த வீட்டுப் பாட்டி சுண்ணாம்பு தடவிவிட்டார். இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன்னால் கீழே நின்று பத்து நிமிஷம் பார்ப்பேன், ஏதாவது போய் வருகிறதா என்று.

பெட்டி திறந்துவிட்டால், முனைகளில் பச்சைப் பூச்சு இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் மூட்டம் எல்லாவற்றுக்குள்ளும் போகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். பெட்டரி வயிறு உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டரியோடு வருகிற தாளில் உள்ள கணக்கெல்லாம் 25 பாகை வெப்பத்துக்கு எழுதியது. நுவரெலியாவில் வருஷச் சராசரியே 16க்குக் கிட்ட. தை மாத விடியலில் புல்லில் பனி உறைகிற நாளும் உண்டு. குளிர் பெட்டரிக்கு நல்லதும் செய்கிறது, கெட்டதும் செய்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் ஈயப் பெட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். கொழும்பில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பெட்டரியோடு ஒப்பிட்டால் நம்முடையது சொகுசாக வாழ்கிறது. ஆனால் குளிரில் பெட்டரி முழு அளவையும் கொடுக்காது. 10 பாகையில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். உறைகிற குளிரில் இன்னும் குறையும். இளம் பெட்டரிக்கு அது பொருட்டில்லை. ஏற்கனவே கிழடு தட்டியது, பகலில் எப்படியோ சமாளித்துவிட்டு விடியற்காலை 4 மணிக்குக் கையை விரித்துவிடும். அதனால் ஒரு தடவையாவது குளிர் காலையில் சோதித்துப் பாருங்கள். சார்ஜ் வோல்டும் குளிருக்குக் கொஞ்சம் கூடத் தேவை. பாகைக்கு 18 மில்லிவோல்ட் வீதம், 15 பாகை வெப்பத்தில் 0.18 வோல்ட் அதிகம். சார்ஜரைத் திருப்பி வைக்க முடியுமானால் 13.5இல் விடாமல் 13.8க்குக் கிட்ட வைக்கச் சொல்லிப் பூட்டுகிறவரிடம் கேளுங்கள்.

எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்? பெனலும் கீபேடும் நாலைந்து சென்சரும் சேர்ந்து 0.12 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். 7ஐ அதால் வகுத்தால் 58 மணி நேரம். அது புதுப் பெட்டரிக்குக் காகிதத்தில் வருகிற கணக்கு. குளிரையும் வயதையும் கழித்துப் பாதி என்று எடுத்தாலும் ஒரு நாளைக்கு மேல் வரும். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அதைக்கூட நல்ல பெட்டரி தாண்டியிருக்கும். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலையில் தீவு முழுக்க இருண்டது, அது சில மணி நேரம்தான், இன்னும் சுலபம். 1950இலிருந்து நாட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற லக்ஷபான நீர்மின் நிலையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விளக்கடியில்தான் இருட்டு என்பார்கள், அதை இங்கே மின்னல் அடிக்கிற ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வந்து பார்க்க வேண்டும்.

மாற்றுவதாக இருந்தால், இரண்டையும் ஒன்றாகவே மாற்றுவது என் பழக்கம். மூன்றிலிருந்து ஐந்து வருஷம் இவற்றின் ஆயுள். பெனலுக்கு 3 வருஷத்தில் ஒன்றும் சைரனுக்கு 4 வருஷத்தில் ஒன்றும் என்று இரண்டு தரம் ஏணி ஏறுவானேன்? நிக்கல் பெக் இருந்த இடத்தில் நிக்கலே போடுங்கள், ஈயத்தின் சார்ஜ் முறை வேறு. சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. மாறினால் நல்ல காலம் இருந்தால் பியூஸ் போகும், இல்லாவிட்டால் போர்டே போகும். போட்ட திகதியை மார்க்கர் பேனாவால் பெட்டரி முதுகிலேயே எழுதுங்கள். தீபாவளிக்கு வெள்ளையடிக்க ஏணி வரும்போது அப்படியே சைரனையும் பார்த்துவிடுகிற ஒரு வாடிக்கையாளர் எனக்கு இருக்கிறார். எல்லோரையும்விட அவர் கெட்டிக்காரர். பழைய பெட்டரியைத் தேயிலைக்குள் வீசாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது, கீழே ஓடுகிற ஆற்றில்தான் யாரோ குளிக்கிறார்கள். வாகன பெட்டரிக் கடைகளில் கிலோவுக்கு விலை போட்டு எடுப்பார்கள்.

டீச்சர் வீட்டில் பெனலுக்குப் புதுப் பெட்டரி போட்டுவிட்டு வந்தேன். சைரனை அன்றைக்குத் திறக்கவில்லை, மழை இறங்கிவிட்டது. அடுத்த கிழமை ஃபோன் வந்தது. "தம்பி, நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல. ஒரு சத்தமும் இல்ல. பக்கத்து வீட்டு ஐயாகூடச் சிரிச்சாரு."

"சந்தோஷம் டீச்சர்" என்றேன். "ஆனா இவ்வளவு நாளும் கரண்ட் போறப்பல்லாம் அது கத்தினதால, உள்ள பெட்டரி நல்லா இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சது. இனி அது கத்தாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா நாமளே கத்த வைக்கணும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப அந்த ஐயாகிட்ட முதல்ல நீங்களே வந்து சொல்லிருங்க" என்றார்.